எண்ணெய் மிதக்காத குளம்

போன வெள்ளிக்கிழமை ஒரு நீச்சல் குளம் முழுவதும் எனக்கே எனக்கென்று கிடைத்தது.

கொடுத்து வைத்தவள் என்கிறீர்களா? நானும் அப்படித்தான் நினைத்தேன்... முதல் இரண்டு நிமிஷம்.

மாதக் கணக்கில் நான் ஆசைப்பட்டது இதற்குத்தான். குறுக்கே யாரும் வராமல், இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் நேராக நீந்த வேண்டும். திரும்ப வேண்டும். மறுபடி நீந்த வேண்டும். அவ்வளவுதான். இது ஒரு பெரிய ஆசையா? ஆனால் இது கிடைத்த கதையைச் சொல்வதென்றால், தண்ணீருக்கு அடியில் ஒரு கை என் காலைப் பிடித்து இழுத்த இடத்திலிருந்து தொடங்க வேண்டும்.

பயப்படாதீர்கள். அது கன்னியம்மாக்காவின் கை.

முதலில் குளத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ராயபுரத்தில் எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். யுத்த காலத்தில் வெள்ளைக்கார சிப்பாய்களுக்காகக் கட்டியது. சிப்பாய்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள். குளத்தை எடுத்துப்போக முடியவில்லை. பாசி பிடித்துக் கிடந்ததைப் பேட்டைக்காரர்கள் ஒரு சங்கம் வைத்துச் சுத்தம் செய்து, பொதுமக்கள் பொழுதுபோக்குக் குளம் என்று போர்டு மாட்டினார்கள். எல்லா இடமும் இடுப்பளவு ஆழம்தான். கமிட்டி நல்ல மனசோடு பெண்களுக்கென்று வாரத்தில் இரண்டு நாள் மத்தியானம் இரண்டிலிருந்து மூன்று மணி வரை ஒதுக்கியது. சுற்றிலும் தென்னந்தட்டி. அந்த நேரத்தில் சூப்பர்வைசர் உள்பட எந்த ஆணும் தட்டிக்கு உள்ளே வரக் கூடாது.

எந்த இரண்டு நாள் என்று நினைக்கிறீர்கள்? செவ்வாயும் வெள்ளியும்.

பெண் வாசகர்கள் இந்த இடத்திலேயே சிரித்திருப்பீர்கள். மங்களமான நாட்களாகப் பார்த்துக் கொடுத்தார்களாம் கமிட்டி ஆண்கள்! செவ்வாயும் வெள்ளியும் பெண்கள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள் என்பது எப்படி மறந்துபோயிற்று? அவரவர் வீட்டில் சீயக்காய் வாசனையே வந்ததில்லையா?

குழாயடியில் இரண்டு குடம் தண்ணீருக்காகக் காலைத் தூக்கத்தை விடுகிற பெண்களிடம், எண்ணெய் நாளில், ஒரு குளம் நிறையத் தண்ணீரைக் காட்டினால் என்ன ஆகும்? காசிமேட்டில் காலை வியாபாரத்தை முடித்த மீன்காரப் பெண்கள், அவர்களுடைய மகள்கள், மருமகள்கள் எல்லோரும் வந்தார்கள். தலை நிறைய நல்லெண்ணெய். கையில் சீயக்காய் டப்பா. குளத்தின் நடுவில் குறுக்காக வரிசையாக நின்று, ஒருத்தி முதுகை அடுத்தவள் தேய்ப்பாள். கடைசிப் பெண்ணுக்கு முதுகு தேய்க்க ஆள் இல்லையென்றால் வரிசையே திரும்பி நிற்கும். பேச்சும் சிரிப்பும் தட்டியைத் தாண்டும்.

நானும் வந்தேன். ஆனால் நீந்த.

எனக்கு நீச்சல் வந்தது பாளையங்கோட்டையில், பள்ளிக்கூட விடுதிக் கிணற்றில். கிணற்றில் ஒரு சங்கடம் உண்டு. சுற்றிச் சுற்றித்தான் நீந்த முடியும். ஒரு கிணறு எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதில் யாரும் எங்கேயும் போய்ச் சேர முடியாது. நேராக நீந்தினால் எப்படி இருக்கும் என்று அப்போதிருந்தே ஓர் ஆசை. பிறகு கல்யாணம், பட்டணம், பாப்பா. இவருக்குத் துறைமுகத்தில் கிளார்க் வேலை. கப்பல் வருகிற நேரம்தான் ஷிப்டு. கப்பல் எங்களைக் கேட்டுக்கொண்டா வருகிறது?

தெருக்கோடியில் டிராம் ஓடியவரை ஒரு மணிச் சத்தமாவது கேட்டுக்கொண்டிருந்தது. அதுவும் நின்ற பிறகு எங்கள் தெருவின் மத்தியானம் இருக்கிறதே... சொல்லி முடியாது. பேச்சுத் துணைக்குப் பாப்பா ஒருத்திதான். அவளுக்கு இரண்டு வார்த்தை தெரியும். இரண்டுமே "தா"தான்.

அந்த அமைதியில் என் மனசு சும்மா இருக்காது. ஸ்டவ்வை அணைத்தேனா? பால் புளித்திருக்குமோ? பாப்பா ஏன் இவ்வளவு நேரம் தூங்குகிறாள்? மூச்சு வருகிறதா? போய்ப் பார்ப்பேன். வரும். ஐந்து நிமிஷம் கழித்து மறுபடி போய்ப் பார்ப்பேன். தண்ணீரில் தலையை அமிழ்த்திக் கையை வீசும்போது மட்டும் இந்தக் கேள்வியெல்லாம் வாயை மூடிக்கொள்ளும். நீந்துகிறவள் தன் மூச்சைத்தானே பார்க்க முடியும்?

ஆனால் நீந்த வேண்டுமென்றால் பிள்ளையை யாராவது வைத்துக்கொள்ள வேண்டுமே!

முதல் நாள் நான் கரையில் விழித்துக்கொண்டு நின்றேன். நடுத்தர வயசு, அகலமான முகம், நெற்றியில் பெரிய குங்குமம், இரண்டு காதிலும் எண்ணெய் வழிய ஓர் அம்மாள் வந்து ஒன்றும் கேட்காமல் பாப்பாவை என் இடுப்பிலிருந்து வாங்கிக்கொண்டார். அவர்தான் கன்னியம்மாக்கா. பாப்பா அழவில்லை. எனக்குத்தான் அழுகை வந்தது. எண்ணெய்க் கை ஆயிற்றே, வழுக்கிவிட்டால்? போகும்போது ஒரு தடவை திரும்பிப் பார்த்தேன். வரும்போது தலையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே வந்தேன். எங்கே உருப்படியாக நீந்துவது?

இரண்டு வாரத்தில் கொஞ்சம் தைரியம் வந்தது. பாப்பா கன்னியம்மாக்காவின் மருமகள் மடியில் இருந்தாள். நான் தலையை நன்றாக அமிழ்த்தி நாலு தடவை போய் வந்திருப்பேன். அப்போதுதான் அந்தக் கை என் காலைப் பிடித்து இழுத்தது. எழுந்து பார்த்தால் முதுகு தேய்க்கிற வரிசையே கலைந்து கிடக்கிறது. அத்தனை பேரும் குனிந்து, காலால் தரையைத் துழாவிக்கொண்டிருக்கிறார்கள்.

"இன்னாமா தொலைச்சே?" என்றார் கன்னியம்மாக்கா.

"ஒண்ணும் தொலைக்கலையே, அக்கா."

"சொல்லு கண்ணு, பயப்படாத. வூட்டுக்காரருக்குத் தெரியறதுக்குள்ள எடுத்துடலாம். திருகாணியா, மூக்குத்தியா?"

மூக்கைத் தொட்டுக் காட்டினேன். காதைக் காட்டினேன். கழுத்தைக் காட்டினேன். எல்லாம் இருந்தது. பின்னே எதற்கு ஒரு பெண் தலையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு அங்கும் இங்கும் போக வேண்டும்? அவருக்குப் புரியவில்லை. நீந்துகிறேன் என்றேன். அந்தச் சுவருக்குப் போகிறேன் என்றேன்.

"போயி?"

"திரும்பி வருவேன்."

"வந்து?"

"மறுபடி போவேன்."

"அங்க யாரு கீறாங்க?"

யாருமில்லை என்றேன். வரிசையில் யாரோ சிரித்தார்கள். கன்னியம்மாக்கா சிரிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "வூட்ல எதுனா பேஜாரா கண்ணு?" என்று கேட்டார்.

இல்லை என்றேன். உண்மையிலேயே இல்லை. இவர் நல்லவர், பாப்பா ஆரோக்கியம், வாடகை வீடு பரவாயில்லை. ஆனால் பட்டணத்துக்கு வந்ததிலிருந்து அந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. முகத்தைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டேன்.

இத்தோடு நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆனால் மனுஷ மனசு எதில் நின்றிருக்கிறது?

அதன் பிறகு நான் வரும்போதெல்லாம், "தோ வர்றா, வர்றா, வழி வுடு" என்று ரிக்ஷாவுக்கு விலகுகிற மாதிரி அவர்கள் விலகுவார்கள். நான் தாண்டியதும் வரிசை மூடிக்கொள்ளும். திரும்பி வரும்போது ஒரு முழங்கை என் நெற்றியில் இடிக்கும். மூச்சுக்காக வாயைத் திறந்தால் சீயக்காய். கண்ணைத் திறந்தால் அதைவிட மோசம். கிணற்றில் சுற்றின மாதிரியே இங்கேயும் ஆட்களைச் சுற்றி நீந்த வேண்டியதாயிற்று. ஒரு நாள் என்னையும் இழுத்து வரிசையில் நிறுத்தி யாரோ என் முதுகைத் தேய்த்துவிட்டார்கள். கல்யாணமாகி வந்த பிறகு என் முதுகை யாரும் தேய்த்ததில்லை. அதை அனுபவித்தேனா? இல்லை. ஒரு மணி நேரத்தில் இன்னும் எவ்வளவு பாக்கி என்று கணக்குப் பார்த்துக்கொண்டு நின்றேன்!

கடைசியில் வாசலில் உட்கார்ந்திருந்த சூப்பர்வைசரிடம் போய்க் கேட்டேன். சுவர் ஓரமாக நீளவாக்கில் ஒரு கயிறு கட்டித் தர முடியுமா, நீந்துகிறவர்கள் அந்தப் பக்கம், மற்றவர்கள் இந்தப் பக்கம்?

அவர் வாயிலிருந்த வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "லேடீஸ் டயத்துல நீஞ்சறதுக்குக் கயிறா? அப்போ மத்த லேடீஸ்லாம் இன்னா பண்றாங்க?" என்றார்.

நான் படித்தவள். கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லிப் பழகியவள். "குளிக்கிறாங்க" என்றேன்.

அவர் நீளமாகத் தலையாட்டினார். அடுத்த மணி நேரத்தில் இறங்குகிற ஆண்கள் உடம்பெல்லாம் எண்ணெய் ஒட்டுகிறது என்று நெடுநாளாகப் புகார் சொல்லிக்கொண்டிருக்கிறார்களாம். செவ்வாய்க்கிழமை போனபோது சூப்பர்வைசர் எனக்கு மட்டும் ஒரு செய்தி வைத்திருந்தார். வெள்ளிக்கிழமை சங்கச் செயலாளரின் சம்சாரம் நேரில் வந்து பார்ப்பார். நீச்சல் நடக்கவில்லை, வெறும் குளியல்தான் என்று தெரிந்தால் பெண்கள் நேரத்தை ரத்து செய்து ஆண்கள் பயிற்சிக்குக் கொடுத்துவிடுவார்கள்.

நான் கேட்டது ஒரு கயிறு. அதற்கு இத்தனை பேருடைய தண்ணீரா?

சொல்லாமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். சொல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை எல்லோரும் எண்ணெய்த் தலையோடு வந்து நிற்பார்களே! வியாழக்கிழமை காலையில் பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு கன்னியம்மாக்கா மீன் விற்கிற முனைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். "குளிக்கிறாங்க" என்று சொன்னதையும் சொன்னேன். அவர் ஒரு மீனின் செதிலைச் சுரண்டியபடியே கேட்டார். தலையை நிமிர்த்தவில்லை.

"நீ சொல்லலைன்னா எண்ண சொல்லாதா?" என்றார். "அதான் தண்ணி மேல மெதக்குதே."

எனக்கு மூச்சு வந்தது. நீங்களெல்லாம் அன்றைக்கு நீந்தினால் போதும் என்றேன், முட்டாள்தனமாக. கடற்கரையில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு நீச்சல் தெரியாமலா இருக்கும் என்று என் நினைப்பு.

"எங்களுக்கு ஏது நீச்சலு? கடலு ஆம்பளைங்களுது. நாங்க கரையோட சரி" என்றார். மீனைத் திருப்பிப் போட்டார். "உனக்கு இன்னா, கயிறுதான வேணும்?"

வெள்ளிக்கிழமை வந்தது. கன்னியம்மாக்கா தலையில் மீன் கூடைக்குப் பதில் ஒரு பெரிய கயிற்றுச் சுருள். கிழிந்துபோன பழைய வலையின் மேல்விளிம்புக் கயிறாம். வலை மூழ்காமல் இருக்க முழத்துக்கு ஒரு மிதவைக் கட்டை கோத்திருந்தது. குளத்தின் இந்தக் கோடியில் ஒரு முனையும் அந்தக் கோடியில் ஒரு முனையும் கட்டினார்கள். கட்டைகள் தண்ணீர் மேல் வரிசையாக மிதந்தன. கருவாட்டு வாசனை கொஞ்சம் தூக்கலாகத்தான் இருந்தது. ஆனால் அதைவிட நேரான ஒரு கோட்டை நான் பார்த்ததில்லை.

யார் தலையிலும் எண்ணெய் இல்லை. எல்லோரும் கொண்டையை இறுக்கி முடிந்திருந்தார்கள். குழாயடி வரிசையில் நிற்கிற மாதிரி ஒருத்தி பின்னால் ஒருத்தி நின்று, கயிற்றைப் பிடித்துக்கொண்டு, அந்தச் சுவர் வரைக்கும் தண்ணீருக்குள் நடந்தார்கள். சுவரைத் தொட்டார்கள். திரும்பி நடந்தார்கள். முன்னால் கன்னியம்மாக்கா. அவர் தோளில் பாப்பா. என் பெண் என்னைவிடக் கம்பீரமாக இரண்டு தடவை போய் வந்தாள்!

கயிற்றுக்கு இந்தப் பக்கம் நான். நீந்தினேன். யாரும் இடிக்கவில்லை. மூச்சு எடுக்கத் தலையைத் திருப்பும்போதெல்லாம் அந்தப் பக்கம் ஒரு முகம் தெரிந்தது. ஒரு முகம் "போ, போ" என்றது. இன்னொன்று, "சீக்கிரம் போம்மா, அந்தம்மா பாத்துகினு கீது" என்றது.

செயலாளரின் சம்சாரம் குடையை மடக்கிக்கொண்டு கரையில் நின்று பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. இதுதான் எக்ஸர்சைஸ், இதுதான் டிசிப்ளின் என்று பாராட்டினார். பெண்கள் நேரம் கண்டிப்பாகத் தொடரும் என்றார். ஒரே ஒரு ரூல்தான்: எண்ணெய், சீயக்காய் உள்ளே வரக் கூடாது. எல்லோரும் தலையாட்டினார்கள். நான் எல்லோரையும்விடப் பலமாக ஆட்டினேன். ஜெயித்துவிட்டோம் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த செவ்வாய்க்கிழமை பாதிப் பேர்தான் வந்தார்கள். உலர்ந்த தலையோடு கயிற்றைப் பிடித்து ஒரு தடவை நடந்தார்கள். அந்தச் சுவரைத் தொட்டுவிட்டு, "போதுமா?" என்று ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். முதுகு தேய்க்க ஒன்றும் இல்லாததால் சீக்கிரமே பேச்சும் தீர்ந்துவிட்டது. வெள்ளிக்கிழமை கன்னியம்மாக்காவும் மருமகளும் மட்டும். அதற்கடுத்த வாரம் கன்னியம்மாக்கா குளத்தில் இறங்கவே இல்லை. நான் நீந்தி முடிக்கும் வரை பாப்பாவை வைத்துக்கொண்டு கரையில் உட்கார்ந்திருந்தார். அடிக்கடி வாசலைப் பார்த்தார். பாப்பாவை என்னிடம் கொடுக்கும்போது சொன்னார்:

"சொம்மா அங்க போயி இங்க வர்றதுக்கு எனக்கு ஏது கண்ணு நேரம்? எண்ண வெச்சி ஊத்திக்கணும். குழாயாண்ட குடத்த வரிசைல வெச்சிட்டு ஓடியாந்தேன்."

கயிற்றை அவிழ்க்கட்டுமா என்று கேட்டேன்.

"கெடக்கட்டும். நீ போய் வர்றதுக்கு வெச்சிக்க."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் மன்னிப்பாவது கேட்டிருக்கலாம்.

யோசித்துப் பார்க்கிறேன். குளம் கட்டுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே குளமாகத்தான் கட்டுகிறார்கள். ஆனால் சிலருக்கு அதில் வேண்டியது நீளம். சிலருக்கு வேண்டியது தண்ணீர். நீளம் கேட்கிறவர்கள் ஒருத்தர், இரண்டு பேர். தண்ணீர் கேட்கிறவர்கள் ஊர் முழுக்க. அந்த ஒருத்தி வாய் திறந்து கேட்டால் மற்றவர்கள் எண்ணெய் டப்பாவை எடுத்துக்கொண்டு போக வேண்டியதுதானா? அவள் நீந்துவதை யாரும் தவறென்று சொல்லவில்லையே? எனக்கு இன்னும் விடை தெரியவில்லை. இவரிடம் கேட்டேன். "உனக்கு நீந்த இடம் கிடைச்சுதா இல்லையா?" என்றார். கிடைத்தது என்றேன். அப்புறம் என்ன என்று பேப்பரை விரித்துக்கொண்டார்.

சரி, போன வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

வாசலில் சூப்பர்வைசர் எழுந்து நின்று, இன்றைக்கு உங்களுக்கு மட்டும்தான் என்றார். தட்டியைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். தண்ணீர் அடி வரைக்கும் தெரிந்தது. ஒரு பொட்டு எண்ணெய் இல்லை. கயிற்றில் மிதவைகள் அசையாமல் கிடந்தன. முதல் இரண்டு நிமிஷம் ராணி மாதிரி கரையில் நின்றேன்.

அப்புறம்தான் இடுப்பு கனத்தது. பாப்பா.

யாரிடம் கொடுப்பது?

கரையிலிருந்து நன்றாகத் தள்ளித் துண்டை நாலாக மடித்துப் போட்டு அவளைப் படுக்க வைத்தேன். கிலுகிலுப்பையைக் கையில் கொடுத்தேன். வேகமாக இறங்கி, தலையை அமிழ்த்தி, நாலு கை போட்டிருப்பேன். மனசு கேட்கவில்லை. தலையைத் தூக்கிப் பார்த்தேன். துண்டு காலி. பாப்பா தவழ்ந்து குளத்தின் விளிம்புக்கே வந்துவிட்டாள். ஒரு கை ஈரமான கல்லில் இருந்தது. இன்னொரு கையைத் தண்ணீரை நோக்கி நீட்டி, "தா" என்றாள்.

அந்த நாலு கை தூரத்தை எப்படித் திரும்பிக் கடந்தேன் என்று எனக்குத் தெரியாது. அதுதான் இந்தக் குளத்தில் நான் நீந்தியதிலேயே வேகமானது. பார்த்துப் பாராட்டத்தான் ஒருவரும் இல்லை.

பிள்ளையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வெகு நேரம் படியில் உட்கார்ந்திருந்தேன். எண்ணெய்க் கை வழுக்கும் என்று பயந்தவள் நான். அத்தனை மாதம் ஒரு கையும் வழுக்கவில்லை.

வீட்டுக்குப் போயிருக்கலாம். போனால் அங்கேயும் இதே அமைதிதானே? பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினேன். முதுகு தேய்க்கிற வரிசை நிற்குமே, அந்த நடு இடத்துக்குப் போய் நின்றேன். தட்டிக்கு வெளியே சூப்பர்வைசர் இருமுவது கேட்டது. பாப்பா தண்ணீரைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். மூன்று மணி அடிக்கும்வரை அங்கேயே நின்றோம்.

நீந்துகிறவர்கள் யாருக்கும் நாங்கள் இடைஞ்சலாக இல்லை.